ஆட்டு மணி சொல்லும் கணக்கு

சின்ன வயதில் பள்ளிக்கூட விடுமுறைக்கு மூலைக்கரைப்பட்டிப் பக்கம் தாத்தா வீட்டுக்குப் போனால் எனக்கு ஒரே வேலைதான். தாத்தாவோடு வெள்ளாடு மேய்க்கப் போக வேண்டும். எல்லாம் கன்னி ஆடு. கருத்த உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. காட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் தாத்தா உடைமர நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். கண் மூடியிருக்கும். தூங்கிவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே குரல் வரும். "லே, மேய்ச்சல விட்டுட்டு நடக்க ஆரம்பிச்சிட்டு பாரு. போயி மறிச்சுட்டு வா."

போய்ப் பார்த்தால் ஆடுகள் வரிசை கட்டி யாரோ போட்டிருந்த உளுந்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

எல்லாம் மணியை வைத்துத்தான். முன்னால் போகும் ஆட்டின் கழுத்தில் ஒரு வெண்கல மணி. ஆடு நடந்தால் அது சீராக ஒரே தாளத்தில் அடிக்கும். மேய்ந்தால் விட்டுவிட்டு, கோணல்மாணலாகக் கிணுங்கும். படுத்து அசைபோட்டால் எப்போதாவது ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆடு என்ன செய்கிறது என்பது தாத்தாவுக்குத் தெரியாது. சத்தம் மட்டும்தான் தெரியும். சத்தத்திலிருந்து செயலை ஊகித்தார்.

பிறகு கல்லூரியில் புள்ளியியல் படிக்கும்போது 'மறைந்த மார்க்கோவ் மாதிரி' (ஹிடன் மார்க்கோவ் மாடல்) என்று ஒரு தலைப்பு வந்தது. பெயரைக் கேட்டதும் வகுப்பே மிரண்டது. விளக்கம் பாதி போவதற்குள் எனக்கு அந்த உடைமரத்தடி ஞாபகம் வந்துவிட்டது. இன்று உலகம் முழுக்க யானை, கடலாமை, நாரை என்று எதற்கெல்லாமோ கழுத்துப்பட்டையும் கருவியும் மாட்டி அதன் நடமாட்டத்தைப் படிக்கிறவர்கள் அதிகம் கையில் எடுக்கும் கருவிகளில் இதுவும் ஒன்று. அதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

ஜிபிஎஸ் பட்டை நமக்குத் தருவது மிகவும் சாதாரணமான ஒரு பட்டியல். இத்தனை மணிக்கு இந்த இடம், பத்து நிமிடம் கழித்து அந்த இடம். வரைபடத்தில் வைத்தால் வெறும் புள்ளிகள். அந்தப் புள்ளிகளிலிருந்து இரண்டு விஷயங்களைக் கறந்துகொள்ளலாம். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்பது ஒன்று; இதை 'நகர்வு' என்று வைத்துக்கொள்வோம். முந்தைய நகர்வு போன திசையிலிருந்து இந்த நகர்வு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது இன்னொன்று, இது 'திருப்பம்'. இந்த இரண்டும்தான் நம்முடைய மணிச் சத்தம்.

மாதிரி, அதாவது நடமாட்டத்தைக் கணக்காக்கிச் சொல்லும் வடிவம், என்று பேச ஆரம்பித்தால் முதலில் வருவது 'தற்செயல் நடை'. இதற்கு ஒரு சுவையான பூர்வகதை உண்டு. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கு அடிப்படையான கண்டுபிடிப்பை 1897-இல் செகந்தராபாத்தில் செய்தவர் ரொனால்டு ராஸ். அதன்பின் அவருக்கு வேறொரு கவலை. ஓரிடத்தில் கொசுவை ஒழித்தால் சுற்றுவட்டாரக் கொசு எவ்வளவு வேகத்தில் உள்ளே பரவும்? இது கார்ல் பியர்சன் என்ற கணித அறிஞரிடம் போனது. 1905-இல் அவர் 'நேச்சர்' இதழில் ஒரு கேள்வியாகவே போட்டார்: ஒருவர் குறிப்பிட்ட தூரம் நேராக நடக்கிறார், பிறகு ஏதோ ஒரு திசையில் திரும்பி அதே தூரம் நடக்கிறார், இப்படியே செய்துகொண்டிருந்தால் கடைசியில் எங்கே இருப்பார்? விடை அறிவியலாளர் ரேலியிடமிருந்து வந்தது. அதைப் பார்த்துவிட்டு பியர்சன் சொன்னது எனக்குப் பிடித்த விஷயம். திறந்த வெளியில் தள்ளாடிக்கொண்டிருக்கும் குடிகாரரைத் தேட வேண்டுமானால், அவர் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே தேடுவதுதான் நல்லது என்றார். நம்மூரில் இதைச் சொல்ல ரேலி தேவையில்லை. கடைக்குப் பக்கத்து வாய்க்கால் பாலத்திலேயே பார்க்கலாம்.

கணக்கு என்னவோ உண்மைதான். ஒரு மீட்டர் வீதம் 100 எட்டு நேராக வைத்தால் 100 மீட்டர் போகலாம். ஒவ்வொரு எட்டுக்கும் திசை தற்செயலாக மாறினால் புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 10 மீட்டர் அளவில்தான் இருப்போம். 10,000 எட்டு வைத்தால்? 100 மீட்டர் அளவு. எட்டு எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் தூரம்.

ஆடு குடிகாரர் இல்லை. அது ஒரு திசையில் போனால் அடுத்த கொஞ்ச நேரமும் ஏறக்குறைய அதே திசையில்தான் போகும். அதனால் திருப்பம் பெரும்பாலும் சிறியதாக இருக்கும்படி தற்செயல் நடையைத் திருத்திக்கொள்வார்கள். திருத்தினாலும் ஒரு குறை போகாது.

அந்தக் குறையைப் பேருந்தில் வைத்துச் சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் பேருந்து, மணிக்குச் சராசரியாக 30 கிலோமீட்டர் வேகம் என்று வையுங்கள். அந்த எண் பேருந்தைப் பற்றி என்ன சொல்கிறது? சாலையில் ஓடும்போது 50, 60. அம்பாசமுத்திரத்தில் நிற்கும்போது பூஜ்யம். 30-இல் அது ஓடுவது அபூர்வம். ஆட்டின் நாளும் அப்படித்தான். மேயும்போது சின்னச் சின்ன நகர்வு, கண்டபடி திருப்பம். தண்ணீருக்குப் போகும்போது நீள நகர்வு, நேர்கோடு. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எந்த ஆடும் நடக்காத ஒரு நடை கிடைக்கும்.

இங்கேதான் 'மறைந்த நிலை' வருகிறது. ஆடு ஒவ்வொரு பத்து நிமிடமும் ஏதோ ஒரு நிலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். மேய்ச்சல் நிலை, நடை நிலை என்று இப்போதைக்கு இரண்டு போதும். நிலை நம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு நிலையும் தனக்கென்று ஒரு விதமான நகர்வையும் திருப்பத்தையும் வெளியே விடும். இன்னொரு எளிய விதி: அடுத்த நிலை என்ன என்பது இப்போதைய நிலையை மட்டும் பொறுத்தது, காலையிலிருந்து நடந்த முழுக் கதையும் வேண்டாம். இந்த விதிக்குத்தான் மார்க்கோவின் பெயர். அவர் ரஷ்யக் கணித அறிஞர். 1913-இல் புஷ்கினின் கவிதை நாவல் ஒன்றிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்துக்குப் பின் மெய் எத்தனை முறை வருகிறது, மெய்க்குப் பின் உயிர் எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணினார். அந்தப் பொறுமைக்கே ஒரு கும்பிடு போடலாம்.

இனி ஒரு கணக்கு. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை. மேய்கிற ஆடு அடுத்த பத்து நிமிடமும் மேய்வதற்கு 100-க்கு 90 வாய்ப்பு, நடையைக் கட்டுவதற்கு 10. நடக்கிற ஆடு தொடர்ந்து நடப்பதற்கு 80, மேய ஆரம்பிப்பதற்கு 20. மேயும்போது பத்து நிமிடத்தில் 100 மீட்டருக்கு மேல் நகர்வது அபூர்வம், 100-க்கு 5 தடவை. நடக்கும்போது அது 100-க்கு 50 தடவை நடக்கும்.

இதுவரை மேய்ந்துகொண்டிருந்த ஆடு திடீரென்று 100 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கிறது. நடக்க ஆரம்பித்துவிட்டதா?

இப்படி 1,000 தருணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 900-இல் ஆடு மேய்ச்சலைத் தொடரும். அதில் 100-க்கு 5 வீதம், 45 தடவை இப்படி நீள நகர்வு வரும். மீதி 100-இல் ஆடு நடையைக் கட்டியிருக்கும். அதில் பாதி, 50 தடவை நீள நகர்வு வரும். ஆக மொத்தம் 95 நீள நகர்வுகளில் 50-தான் உண்மையான நடை. 53 சதவீதம். கிட்டத்தட்ட பூவா தலையா.

இதே நீள நகர்வு, ஆனால் ஆடு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது என்றால்? 1,000-இல் 800 நடை, அதில் 400 நீள நகர்வு. 200 மேய்ச்சல், அதில் 10. 410-இல் 400, அதாவது 98 சதவீதம். ஒரே நகர்வுதான். முன்னால் என்ன நடந்தது என்பதைப் பொறுத்து ஒரு இடத்தில் சந்தேகம், இன்னொரு இடத்தில் நிச்சயம். 100 மீட்டரைத் தாண்டினால் நடை, தாண்டாவிட்டால் மேய்ச்சல் என்று கோடு கிழித்துவிட்டால் இது கிடைக்காது. இந்த மாதிரியின் உயிரே இதுதான் என்பேன்.

முதல் ஆட்டுக்கே திரும்புவோம். 53 சதவீதத்தில் நிற்கிறோம். அடுத்த பத்து நிமிடமும் நீள நகர்வு வந்தால் அது நடை என்பதற்கான வாய்ப்பு 90 சதவீதமாக ஏறிவிடும். அதோடு நிற்காது. இரண்டாவது நகர்வைப் பார்த்த பிறகு முதல் நகர்வையும் திரும்பிப் பார்க்கலாம். 53 என்று சொன்னது இப்போது 83 ஆகிறது. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் நடந்ததைத் திருத்தும் இந்த வேலையை, தடம் முழுவதும் கையில் இருப்பதால் கணினி செய்கிறது. தாத்தாவால் முடியாது. அவர் அப்போதைக்கு அப்போதே என்னை எழுப்பி ஓட விட வேண்டும்.

சரி, 90, 80, 5, 50 என்ற எண்களை நான் சும்மா வைத்தேன். நிஜத்தில் அவை எங்கிருந்து வரும்? தடத்திலிருந்தேதான். எந்த எண்களை வைத்தால் நாம் பார்த்த இந்தத் தடம் கிடைக்க அதிகபட்ச வாய்ப்பு இருக்கிறதோ, அந்த எண்களைக் கணினி தேடிப் பிடிக்கும். வானொலியில் நிலையம் தேடுவது போல, இரைச்சல் குறைந்து குரல் தெளிகிற இடம் வரை திருகுவது. ஆர் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே 'மூவ்ஹெச்எம்எம்' போன்ற தொகுப்புகள் இருக்கின்றன. கணக்கு முழுதாகப் புரிவதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கலாம். வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

ஏன் ஆபத்து? மாதிரி நமக்குத் தருவது 'நிலை 1', 'நிலை 2' என்று மட்டும்தான். 'மேய்ச்சல்' என்று பெயர் வைப்பது நாம். வெள்ளாடு பின்னங்கால்களில் நின்று உடைமரக் கிளையை வளைத்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு அசையாது. அதே மரத்தடியில் படுத்து அசைபோடும் ஆடும் அசையாது. ஜிபிஎஸ்ஸுக்கு இரண்டும் ஒன்றே. அந்த ஆட்டுக்கு 'ஓய்வு' என்று பெயர் வைத்துவிட்டு, கன்னி ஆடு நாளில் பாதி நேரம் சும்மா இருக்கிறது என்று எழுதினால், ஆடு மேய்ப்பவர்கள் சிரிப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் மணி ஜிபிஎஸ்ஸை விட ஒசத்தி. கிளையை இழுக்கும்போது கழுத்து ஆடும், மணி கேட்கும். அதனால்தான் இப்போது பட்டைக்குள் அசைவை அளக்கும் முடுக்கமானியையும் சேர்த்து வைக்கிறார்கள். கைப்பேசியைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதே வகைச் சில்லுதான்.

எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை இடத்தைக் குறிப்பது என்பதும் சின்ன விஷயம் இல்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி என்றால், நடுவில் ஆடு குளத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியதே தெரியாமல் போகலாம். சரி, அப்படியானால் நிமிடத்துக்கு ஒன்று எடுப்போம் என்றால் பேட்டரி சீக்கிரம் தீரும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. ஜிபிஎஸ் சொல்லும் இடம் சில மீட்டர் முன்பின்னாகத்தான் இருக்கும். படுத்திருக்கும் ஆட்டின் புள்ளி நிமிடத்துக்கு 5 மீட்டர் அங்கும் இங்கும் துள்ளினால், ஒரு மணி நேரத்தில் அந்த ஆடு படுத்தபடியே 300 மீட்டர் நடந்திருக்கும்! களக்காடு மலையின் அடர்ந்த சோலைக்குள்ளும் பள்ளத்தாக்கிலும் வானம் சரியாகத் தெரியாததால் இந்தப் பிழை இன்னும் கூடும். நகர்வோடு பிழைக்கும் தனியாக ஒரு மாதிரி வைத்து, உண்மையான தடத்தைப் பிரித்தெடுக்கும் வழிகளும் உண்டு. அது அடுத்த படி, இங்கே வேண்டாம்.

ஒரு கேள்வியை இந்தத் துறைக்குள் புதிதாக வருகிறவர்கள் கேட்க மறந்துவிடுவார்கள். இது யாருடைய தடம்? பிசான நெல் அறுவடை முடிந்ததும் வயல்களில் செம்மறிக் கிடை போடுவார்கள், எருவுக்காக. இன்றைக்கு இந்த வயல், இரண்டு நாள் கழித்து அடுத்த வயல். அந்தக் கிடை ஆட்டின் கழுத்தில் பட்டை கட்டினால் கிடைப்பது செம்மறியின் விருப்பம் இல்லை. கிடைக்காரருக்கும் வயல்காரருக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தை. கணக்கு பிழையில்லாமல் ஓடும். விடைதான் வேறொரு கேள்விக்கு உரியதாக இருக்கும்.

காட்டு விலங்குக்கு வருவோம். அரிக்கொம்பன் யானையை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 ஏப்ரல் கடைசியில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்து, ரேடியோ பட்டை மாட்டிப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதக் கடைசியில் அது கம்பத்துக்குள் வந்துவிட்டது. ஜூனில் தமிழ்நாடு வனத்துறை பிடித்து, நம்முடைய களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மேல் கோதையாறு பகுதியில் கொண்டுபோய் விட்டது. செப்டம்பரில் மாஞ்சோலைப் பக்கம் நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட்களில் தலைகாட்டியதும் மறுபடி எல்லோருக்கும் பதைப்பு.

இப்படி இடம் மாற்றி விட்ட விலங்குக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி: புது இடத்தில் தங்கிவிட்டதா, இன்னும் அலைகிறதா? இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு நாளும் நேர்கோட்டில் எவ்வளவு தூரம் என்று அளந்து, அதை வர்க்கப்படுத்திக் கோடு வரைவது. கோடு ஏறிக்கொண்டே போனால் விலங்கு விலகிப் போகிறது. ஏறி ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால் தங்குகிறது. ஏறி, நின்று, மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கினால் அது போய்த் திரும்பும் வலசை. கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து ஒன்றுக்கு அதன் மத்திய ஆசியக் கூடு முதல் பட்டை கட்டினால் இந்த மூன்றாவது கோடு கிடைக்கும். நடுவில் இமயமலை வேறு. பட்டை கட்டிய வரித்தலை வாத்துகளில் 7,000 மீட்டருக்கு மேல் பறந்தவை பதிவாகியிருக்கின்றன. யானையின் கோடு ஒரு மட்டத்தில் நின்றுவிட்டாலும் வேலை முடியாது. அந்த மட்டத்துக்குள் எஸ்டேட் லைன் வீடுகளும் இருக்கலாம். நாளிதழ்களில் 'இன்று இத்தனை கிலோமீட்டர் நடந்தது' என்று வந்ததைவிட, இந்தக் கோட்டின் வடிவத்தை ஒரு தடவை போட்டிருந்தால் மக்களுக்கு அதிகம் புரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எங்கே போகிறது என்பதற்கு அடுத்து, ஏன் அங்கே என்ற கேள்வி. இதற்குப் போன நகர்வைப் போயிருக்கக்கூடிய நகர்வுகளோடு ஒப்பிடுவார்கள். யானை இந்த இடத்திலிருந்து அந்த ஓடைக்கு வந்தது. அதே நேரத்தில், அதே வேகத்தில் அது வேறு எங்கெல்லாம் போயிருக்க முடியும்? கணினி அப்படிப் பத்து இருபது கற்பனை நகர்வுகளைப் போடும். சில தேயிலைக்குள் முடியும், சில செங்குத்துப் பாறையில், சில தார்ச்சாலையில். ஆயிரக்கணக்கான நகர்வுகளுக்கு இப்படிச் செய்து பார்த்தால், நிஜ நகர்வுகள் தண்ணீர்ப் பக்கம் சாய்கின்றனவா, சாலையிலிருந்து ஒதுங்குகின்றனவா என்று தெரிந்துவிடும். வெறுமனே 'ஓடைக்குப் பக்கத்தில் நிறையப் புள்ளிகள்' என்று சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த வட்டாரமே ஓடையாக இருந்தால் புள்ளிகள் அங்கேதானே விழும். கற்பனை நகர்வுகள் அந்த ஓட்டையை அடைக்கின்றன.

மாதிரி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கருவி என்ன அளந்தது என்பதைக் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் துறையில் ஒரு பிரபலமான கதை உண்டு. 1996-இல் 'நேச்சர்' இதழில் அல்பட்ரோஸ் கடற்பறவை பற்றி ஒரு ஆய்வு வந்தது. பறவையின் காலில் கட்டிய கருவி, கால் ஈரமா காய்ந்திருக்கிறதா என்று மட்டும் குறித்துக்கொண்டே இருக்கும். ஈரம் என்றால் கடலில் இறங்கியிருக்கிறது, காய்ந்திருந்தால் பறக்கிறது என்று கணக்கு. அதில் பெரும்பாலும் சின்னப் பறத்தல்களும், நடுநடுவே மிக மிக நீண்ட பறத்தல்களும் தென்பட்டன. இந்த வகை நடைக்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெவியின் பெயரில் 'லெவி பறத்தல்' என்று பெயர். இரை எங்கே என்று தெரியாத இடத்தில் தேட இது சிறந்த வழியாயிற்றே என்று எல்லோருக்கும் உற்சாகம். பிறகு பல விலங்குகளிடமும் இதைத் தேடினார்கள்.

2007-இல் அதே இதழில் மறுஆய்வு வந்தது. அந்த மிக நீண்ட 'பறத்தல்கள்' பயணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இருந்தன. பறவை அப்போது பறக்கவே இல்லை. கரையில் உட்கார்ந்திருந்தது. கால் காய்ந்துதானே இருக்கும்! அவற்றை நீக்கிப் பார்த்ததும் அந்தத் தரவில் லெவி பறத்தலுக்கான ஆதாரம் கரைந்துவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம் வேறு. ஒரு நாள் மத்தியானம் மணிச் சத்தமே இல்லை. தாத்தா கண்ணைத் திறக்காமல், "படுத்துட்டு. கெடக்கட்டும்" என்றார். நானும் படுத்துக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்துத் தூரத்தில் யாரோ கத்தும் சத்தம் கேட்டு இருவரும் ஓடினோம். மொத்த ஆடும் உளுந்துக்குள் நின்றது. முன்னால் நின்ற ஆட்டின் வாய் நிறையக் காய். தாத்தா அதன் கழுத்தைப் பிடித்து மணியைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே நாக்கைக் காணோம்.